புகைக்கூண்டுக்கு ஒரு நம்பகமான ஆள்

குல்ஷனுக்கு எதைக் கண்டாலும் குமட்டும். கழுவிய தட்டில் மிச்சமிருக்கும் முட்டை வாடை, பஸ்ஸில் முன்சீட்டுக்காரியின் எண்ணெய்த் தலை, யாராவது வெற்றிலை மென்றுகொண்டே பேசுவது, எல்லாவற்றுக்கும் இரண்டடி பின்னால் போய்விடுவாள். அரூர் கடைத்தெருவில் அலுமினியப் பாத்திரக் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் தஸ்தகீர், கல்யாணமான இந்த இருபது வருஷமும் கழுவிய கையை அவளிடம் ஒருதரம் காட்டிவிட்டுத்தான் சோற்றில் வைக்கிறான். அப்பேர்ப்பட்டவள் வீட்டில் போய் புகைக்கூண்டு அடைத்துக்கொண்டது.

வீடு தஸ்தகீரின் தாத்தா கட்டியது. அடுக்களை மூலையில் விறகடுப்பு. அதன் தலைக்குமேல் சுவரோடு சுவராகச் செங்கல் புகைக்கூண்டு ஏறி, மொட்டைமாடியில் இடுப்பு உயரத்துக்குத் தலை நீட்டிக்கொண்டிருக்கும். சமையலெல்லாம் கேஸில் என்றாகி ஏழெட்டு வருஷமாக அந்த அடுப்பை யாரும் சீண்டவில்லை. தங்கை சமரீன் பிரசவத்துக்கு வந்த பிறகுதான் அதை மூட்ட வேண்டி வந்தது.

தங்கை என்று பெயர்தான். அம்மா போனபோது சமரீனுக்கு ஆறு வயசு. கல்யாணமாகி வந்த வீட்டுக்கே அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து வளர்த்தவள் குல்ஷன். அவளுக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றித் தெருவில் பேசாத வாயில்லை, அவள் பதில் சொன்னதுமில்லை. இப்போது அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். நாற்பது நாள் சமரீனும் குழந்தையும் இந்த வீட்டில் இருக்க வேண்டும். அந்த நாற்பது நாளும் குழந்தையைத் தன் கையால் குளிப்பாட்ட வேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்கு நொச்சித் தழையும் வேப்பிலையும் போட்டு அண்டா நிறையக் கொதித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பது குல்ஷனின் சட்டம். கீசரில் வருவதை அவள் தண்ணீரென்றே ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அண்டா கேஸ் அடுப்பில் நிற்காது. ஆக, சமரீன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, பன்னிரண்டாம் நாள் காலையில் விறகடுப்பை மூட்டினாள்.

புகை மேலே போகவில்லை. கூண்டுக்குள் கொஞ்சம் ஏறிப் பார்த்துவிட்டு, போன வேகத்தில் திரும்பி வந்தது. கூடவே ஒரு நாற்றம், எலி செத்த அலமாரியைத் திறந்தது போல. கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று சொட்டுச் சொட்டாக அண்டாவின் விளிம்பில் விழுந்தது. குல்ஷன் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அதற்குள் புகை பக்கத்து அறைக்குப் போய்விட்டது. இரண்டு கிலோ எடையில் பிறந்த குழந்தை, அழக்கூட மூச்சில்லாமல் இருமி இருமிச் சிவந்துபோயிற்று.

"ஆபா, இன்னொரு தடவ இப்படிப் பொக வந்துச்சுன்னா நான் கிருஷ்ணகிரிக்குப் போயிடுவேன்," என்றாள் சமரீன் அக்காவிடம். "மாமியார் வூட்ல கீசர் இருக்கு. எனக்கு அதுவே போதும்."

அன்றைக்கே குல்ஷன் ஆள் தேட ஆரம்பித்தாள். ஏதோ ஓர் ஆள் போதாது, நம்பகமான ஆளாக இருக்க வேண்டும். பச்சை உடம்புக்காரி படுத்திருக்கும் வீடு. முன்பின் தெரியாதவனை அடுக்களை வரைக்கும் விட்டு, மொட்டைமாடியிலும் ஏற்ற வேண்டும். மாடியில் நின்றால் இரண்டு பக்கத்து வீட்டுக் கொல்லையும் தெரியும். பின்தெருவில் இதே மாதிரி பழைய வீட்டில் இருக்கும் ராணியம்மாள், பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் கைராசிக்காரி என்று பெயரெடுத்தவள், கேட்டவுடனே ஆள் சொன்னாள்.

"தீர்த்தமலைப் பக்கத்து ஆளுங்க, மாதேஷுன்னு பேரு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப எங்க வூட்டுக் கூண்டச் சுத்தம் பண்ணுனான். ஒரு கோணி கரி பாயம்மா. ஒரு செத்த புறா வேற. எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. அப்படி ஒரு வேலக்காரன்."

மாதேஷ் வியாழக்கிழமை வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. தோளில் கட்டுக்கட்டாய்த் தென்னம் விளக்குமாறு, கயிறு, வாய் கட்டிய பெரிய கோணிப்பை ஒன்று. செருப்பை வாசலிலேயே கழற்றினான். குனிந்த தலை நிமிராமல் அடுக்களை வரைக்கும் நடந்தான். டீ வேண்டாமென்றான். மாடிப்படியில் கால் வைக்குமுன், "மாடிக்கு ஆள் ஏறுறேங்க" என்று இரண்டு பக்கத்துக்கும் குரல் கொடுத்து, கொல்லையிலிருந்த பெண்கள் உள்ளே போகும்வரை காத்துக்கொண்டு நின்றான். அந்தத் தெருவின் வழக்கம் அது. வெளியூர்க்காரன் ஒருவன் தானாக அதைச் செய்ததும் குல்ஷன் உருகிப்போனாள். கொண்டுவந்த கோணிப்பை ஏற்கெனவே ஏன் நிறைந்திருக்கிறது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

மாடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தான். "கொழந்த இருக்குற வூடுங்க. கதவச் சாத்திட்டு உள்ளாற வேல பாக்குறேன், தூசு வெளிய வராது," என்றான். எவ்வளவு அக்கறை பாருங்கள். உள்ளே சரக் சரக்கென்று ஒரு மணி நேரம் சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது அடுப்புக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்குக் கரி குவிந்திருந்தது. பிசுபிசுவென்று, எண்ணெய்ச் சிக்கு வாடையோடு. அதன் உச்சியில் ஒரு செத்த புறா, கண்ணிருந்த இடத்தில் குழியோடு, இடது இறக்கை முறுக்கிக்கொண்டு கிடந்தது. காலில் நீல வளையம்.

குல்ஷன் இரண்டடி பின்னால் போனாள். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. இத்தனை அழுக்கை வெளியே எடுத்தாயிற்றே. எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். அவள் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எல்லாரும் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, மூடிய மூக்கோடு கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி தன் வீட்டுக்கும் சனிக்கிழமை வரச் சொன்னாள். குல்ஷன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். மாதேஷ் குவியலை ஒரு துளி விடாமல் கோணியில் அள்ளி, தானே கொண்டுபோய்க் கொட்டிவிடுவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவனா என்று அவள் வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

மறுநாள் காலை அடுப்பை மூட்டினாள். புகை நேற்றைக்கு முந்தின நாள் வந்த வழியிலேயே வந்தது. குழந்தை மறுபடியும் இருமியது. சமரீன் போனை எடுத்துப் புருஷன் முதசிருக்குப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருவதாக அவன் சொன்னது ஸ்பீக்கரில் குல்ஷனுக்கும் கேட்டது.

அவள் நேராகப் பின்தெருவுக்குப் போனாள். "உங்க வூட்ல அவன் சுத்தம் பண்ண பொறவு அடுப்பு மூட்டுனீங்களா?"

"நான் எங்க மூட்டறேன் பாயம்மா. எனக்கு எல்லாம் கேஸுதான். அது சும்மா கெடக்குது."

பொங்கலுக்கு அந்தக் கரியைப் படம் எடுத்து வைத்திருக்கிறாளா என்று குல்ஷன் கேட்டாள். ராணியம்மாள் தேடி எடுத்துக் காட்டினாள். கரிக்குவியல், உச்சியில் புறா, காலில் நீல வளையம்.

"ஒரே ஆளு வளத்த புறாவா இருக்கும்," என்றாள் ராணியம்மாள்.

குல்ஷன் படத்தை விரலால் பெரிதாக்கினாள். அதே கண் குழி. அதே முறுக்கின இடது இறக்கை. பொங்கலிலிருந்து இன்றுவரை அழுகாமல் இருக்கிறதென்றால், உப்புத் தடவிக் கருவாடு மாதிரி காய வைத்திருக்கிறான். அதை வீடு வீடாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அது தன் அடுப்புக்கு முன்னால் கிடந்தது. அதைத்தான் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். ராணியம்மாள் வீட்டு வாசலிலேயே குல்ஷன் வாந்தி எடுத்தாள்.

சனிக்கிழமை காலை மாதேஷ் எதிர்வீட்டுக்கு வந்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் குல்ஷன் தெருவில் இறங்கி கோணிப்பையின் வாயைப் பிடித்து இழுத்தாள். கரிக்கு மேலே, பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகச் சுற்றி, புறா இருந்தது.

"கொழந்த இருக்குற வூட்ல இதக் கொண்டாந்து கொட்டுனியே, நீயெல்லாம் மனுசனா?" என்றாள். கத்தக்கூட அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மாதேஷ் ஓடவில்லை. கவரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதே குனிந்த தலையோடு பேசினான்.

"மொத வருசம் ஒழுங்காத்தாங்க செஞ்சேன். ஒரு வூட்ல பொழுதன்னிக்கும் தொங்கித் தேச்சேன். ரெண்டு மொறம் கரி வந்துச்சு. இவ்வளவுதானான்னு கேட்டாங்க, ஏமாத்துறேன்னாங்க. அப்பறம் ஓட்டல் அடுப்புக் கரியக் கோணியில கொண்டாந்து கொட்டுனேன். கைய எடுத்துக் கும்புட்டாங்க. நீங்க அடுப்புக்குள்ள தலைய வுட்டு மேல பாத்தீங்களா? கோணியத்தானுங்க பாத்தீங்க."

"அப்ப எங்க வூட்டுக் கூண்டுல ஒண்ணுமே இல்லயா?"

"இருக்குதுங்க. மாடியில நின்னு எட்டிப் பாத்தேன். அத நாந் தொட மாட்டேங்க. என்ன குடுத்தாலுஞ் சரி."

அவனையே குமட்ட வைத்தது எதுவோ, அது தன் தங்கை படுத்திருக்கும் அறைச் சுவருக்குள் இருக்கிறது. குல்ஷன் வீட்டுக்குள் வந்தாள். கூண்டை சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம், ஒரு கீசர் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்றான் தஸ்தகீர். வேறு ஆள் பார்க்க நேரமில்லை, பார்த்தாலும் இனி எவனையும் நம்புவதாக அவள் இல்லை. விடிந்தால் ஞாயிறு. இரண்டு துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியும் ஒரு வாளியுமாக அவளே மாடிக்குப் போனாள்.

எட்டிப் பார்த்த முதல் பார்வையிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். புறாக்கள் கூண்டுக்குள் வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியிருந்தன. கம்பி, குச்சி, ஐஸ்குச்சி, அதன்மேல் சுண்ணாம்பாய் இறுகிய எச்சம். அதற்குள் இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள் செத்து, உடம்பு முழுக்கப் புழு நெளிந்தது. துரட்டியில் மாட்டி இழுத்தபோது ஒரு குஞ்சு பாதியில் பிய்ந்து விழுந்தது. எதிர்க்காற்றில் அந்த நாற்றம் துப்பட்டாவைத் துளைத்துக்கொண்டு தொண்டைக்குள் இறங்கியது. குல்ஷன் வாளியிலேயே வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

அதற்குக் கீழே, யாரோ எப்போதோ மழைக்கு அடைத்த சாக்கு ஒன்று ஊறி அழுகிக் கிடந்தது. அது துரட்டிக்கு எட்டியும் பிடிபடவில்லை. தோள்வரை கையை விட்டுத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கொழகொழவென்று விரலிடுக்கில் வழிந்தது என்னவென்று அவள் நினைக்க மறுத்தாள். மதியம் வரைக்கும் மேலிருந்து இழுத்தாள். பிறகு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு கீழிருந்து விளக்குமாற்றால் தேய்த்தாள். கடைசியில் அடுப்புக்குள் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தாள். கைக்குட்டை அளவுக்கு வானம் தெரிந்தது. இருபது வருஷத்தில் அந்த வீட்டில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

உடுத்தியதை எரித்தாள். சீயக்காய், சோப்பு, டெட்டால், எலுமிச்சை என்று நாலு தரம் குளித்தாள். நகக்கண்ணில் கறுப்பு மட்டும் போகவில்லை.

ஞாயிறு காலை முதசிர் கார் கொண்டுவந்து நிறுத்தும்போது அண்டாவில் நொச்சித் தழை கொதித்துக்கொண்டிருந்தது. புகை ஒரு இழைகூடத் திரும்பாமல் நேராக மேலே போயிற்று. முதசிர் அடுக்களையில் நின்று பார்த்துவிட்டு, "அப்பறம் என்ன, நாப்பது நாளும் இங்கயே இருக்கட்டும்," என்றான். சமரீனும் சரியென்றாள். குல்ஷன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள்.

சமரீன் குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"ஆபா, தப்பா நெனக்காதீங்க. நேத்து ராத்திரி போன்ல படிச்சேன். புறா எச்சம் நுரையீரலுக்கு ஆகாதாம், சின்னக் கொழந்தைக்கு ரொம்ப ஆபத்தாம். நீங்க தோள் வரைக்கும் கைய வுட்டிருக்கீங்க." அவள் பார்வை குல்ஷனின் நகங்களில் நின்றது. உதடு லேசாகக் கோணியது. அந்தக் கோணல் குல்ஷனுக்கு நன்றாகத் தெரியும். வெற்றிலைக்காரர்கள் எத்தனையோ பேருக்கு அவளே காட்டியதுதான்.

"நாலு தரம் குளிச்சேன் சமரீன்."

"தெரியும் ஆபா. இருந்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. ராணி அத்தையக் கூப்பிட்டு ஊத்தச் சொல்லுங்களேன், அவங்களுக்குக் கைராசின்னு எல்லாரும் சொல்றாங்க."

ராணியம்மாள் வந்தாள். கையைக் கழுவினாளா என்று யாரும் கேட்கவில்லை. மனைப்பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, குழந்தையைக் காலின்மேல் கிடத்தி, மாதேஷைக் கைகாட்டி அனுப்பிய அதே கையால் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். குழந்தை சுகமாகக் கொட்டாவி விட்டது.

நாற்பதாம் நாள் வரைக்கும் அப்படித்தான் நடந்தது. ராணியம்மாள் ஊற்றினாள், குல்ஷன் அடுப்புக்கு விறகு தள்ளினாள். அறையிலிருந்து சமரீன் ஒருநாளாவது கூப்பிடுவாள் என்று தினமும் இரண்டு தரம் நகத்தை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டாள். கார் கிளம்பும்போது சமரீன் கண்ணாடியை இறக்கி, குழந்தையின் முகத்தை அவளுக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினாள். குல்ஷன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.