‘நைற் ஃபெரி’ நின்றுபோன விதம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல. ‘நைற் ஃபெரி’, அதாவது ‘இரவுப் படகு’, என்ற பிரிட்டிஷ் அறிபுனை இதழின் பதிப்பு வரலாறு. (நூலகத்தில் தேடாதீர்கள். இதழும் என் கற்பனைதான்.)

எழுபதுகளின் கடைசியில், லீட்ஸ் நகரில், ஒரு சமையலறை மேசையில்

வேண்டாம். எல்லாச் சிற்றிதழும் சமையலறை மேசையில்தான் பிறக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், முதலில் ரோனியோ நகல் தாளில் வந்தது. பிறகு வழவழப்பான அட்டை. பிறகு பாதி அளவு. தொண்ணூறுகளில் மாத இதழ் என்ற பெயர் போய், நினைத்தபோது வரும் இதழானது. அந்த நேரம் பார்த்து பேர்ணடெற் உள்ளே புகுந்துவிட்டாள். என் வரலாறு கெட்டது.

2.

பேர்ணடெற் மன்னார்க்காரி. ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட்டில் வீடு; மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. ஆங்கிலத்தில் கதை எழுதுவாள். ஒரு தீவுச் சனம் முழுவதும் விண்கப்பல் ஏறிப் போகும் அவளுடைய முதல் கதையை 1995இல் ‘நைற் ஃபெரி’ ஏற்றுக்கொண்டது. கணவன் பஸ்ரியனுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தவர்களையெல்லாம் மறித்துச் சொன்னான்.

“என்ன கதை தம்பி?” என்றார் ஒருவர்.

“சனம் களவாக் கப்பலேறி வேறை கிரகத்துக்குப் போகுது, அண்ணை.”

“ஓ, களவா ஆளனுப்புற ஏஜென்சிக்காரன்ரை கதையோ?”

[பஸ்ரியன் இவ்வளவு நல்ல கணவனா என்று எனக்கே சந்தேகம். ஒரு வரைவில் அவனைப் பொறாமைக்காரனாக்கிப் பார்த்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை.]

3.

பிறகு இதழின் ஆசிரியர் தொலைபேசியில் வந்தார். ‘நைற் ஃபெரி’யை ஒரு பெரிய இதழ் விழுங்கப்போகிறது. இன்னும் ஓர் இதழ்தான் வரும், சந்தாதாரர் சொற்பம். அதில் கதையை முழுதாகப் போடலாம். அல்லது பெரிய இதழுக்குக் கொடுக்கலாம், நாடு நாடாகப் போகும். ஆனால் முன்பாதியை வெட்ட வேண்டும். கப்பல் போய்ச் சேர்ந்தால் போதுமாம். சனம் ஏன் புறப்பட்டது என்பது வேண்டாமாம். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“பெரிய மகசின் எண்டால் இஞ்சை கடையிலையும் விக்கும். யோசியும்,” என்றான் பஸ்ரியன். “நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.”

“ஏன் வெளிக்கிட்டம் எண்டு சொல்லாமல் வந்து சேந்ததை மட்டும் சொன்னால், நாங்கள் என்ன உல்லாசப் பயணம் வந்த ஆக்களோ?”

அவன் தானே தொலைபேசியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். இந்த இடத்தை எழுதும்போது எனக்கு இருவர் மேலும் பெருமையாக இருந்தது. நான் படைத்தவர்கள் என்பதற்காக அல்ல.

“முழுசாப் போடுங்கோ,” என்றாள் பேர்ணடெற். “கடைசியா நிண்டு கதவைப் பூட்டுற ஆள் நானா இருக்கிறன்.” (சொன்னது ஆங்கிலத்தில். தமிழ் என் உபயம்.)

4.

முடிவு அ: கடைசி இதழ் வந்தது. அட்டையிலேயே அவள் பெயர், கொட்டை எழுத்தில்

முடிவு ஆ: அச்சகத்தோடு ஏதோ தகராறு. இதழ் வரவேயில்லை. வரலாற்றில் அவளுக்கு

இரண்டையும் முடிக்க மனம் வரவில்லை. முதலாவது என் ஆசை. இரண்டாவது என் பயம். இதழ் வந்ததா இல்லையா என்பதை நீங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பஸ்ரியன் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு, “எப்ப வருது உங்கடை மகசின்?” என்று கேட்டவரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

“அடுத்ததோடை மகசினை நிப்பாட்டினமாம், அண்ணை. இவவின்ரை கதைக்குப் பிறகு போட அவையளிட்டை ஒண்டுமில்லையாம்.”