ஆட்சேபணை யாருக்கும் இல்லையே?

குடும்பம் குடும்பமாக ஏரிக்கரையில் தீ மூட்டிக் கொண்டாடும் நடுக்கோடைத் திருநாளுக்கு, அந்த வெள்ளி சனிக்கு, யாருக்கு வேலை, யாருக்கு லீவு என்று பட்டியல் போடுவது ஒன்பது வருடமாகச் சிர்பாவின் தலைவலி. பின்லாந்தின் தம்பெரே நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் இரண்டாம் மாடிக்கு அவள்தான் தலைமை நர்ஸ். அந்தப் பட்டியலைப் போட்டு முடித்தால் குளிர்காலம் முழுக்கப் பனி வாரியது போல உடம்பு வலிக்கும்.

இந்த முறை சீக்கிரம் முடிந்துவிட்டது. காலைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, ஆட்சேபணை உண்டா என்று கேட்டாள். ஏழு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். அந்த ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் சரி என்றுதான் அர்த்தம். பட்டியல் சுவருக்குப் போனது.

மத்தியானக் காபிக்கு ஐலா வரவில்லை. நர்ஸுகளில் மூத்தவள், இருபத்தாறு வருடத்தில் காபியைத் தவறவிட்டதில்லை. "துணி ரூம்ல இருக்கா. மூஞ்சிய பாத்தா பயமா இருக்கு, நான் போகமாட்டேன்பா" என்றாள் ஹென்னா. சின்னப் பிள்ளைகளின் தாய். வழக்கம்போல அவளுக்கு லீவு.

ஐலா போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேறு மாடிக்கு மாற்றல் கேட்கும் விண்ணப்பம். நாளை கடைசித் தேதி. ஐலா போனால் இந்த மாடி ஓடாது. கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்றாள் சிர்பா.

"புள்ளக்காரி முன்னாடி எனக்கு லீவு வேணும்னு எப்படிக் கேக்கிறது? நாலு வருஷமா நடுக்கோடை எனக்கு இங்கதான். குடும்பம் இல்லாதவளுக்கு ஏரிக்கரை எதுக்குன்னு நீயே முடிவு பண்ணிட்ட. ஆட்சேபணை இருக்கான்னு கேட்ட, தாயே. லீவு வேணுமான்னு கேக்கலையே."

ஆள் பற்றாக்குறை, விதிமுறை என்று பதில் நாக்கு நுனிவரை வந்தது. சிர்பா விழுங்கிக்கொண்டாள். அந்த ஷிஃப்டைத் தானே எடுத்துக்கொண்டு தப்பிக்கலாம். முன்பெல்லாம் அப்படித்தான், உடம்பு கெட்டதுதான் மிச்சம். போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, லீவு கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள்.

"தம்பிக்குக் கண்ணு மங்கிட்டே வருது. கரையில தீ மூட்டுறத அவன்கூட ஒருதரமாவது பாக்கணும்."

சிர்பா பட்டியலைக் கிழித்தாள். இன்னொரு கூட்டம் போடவில்லை. ஒவ்வொருவராகத் தேடிப் போய், ஐலாவுக்குப் பதிலாக வர முடியுமா என்று கேட்டாள். ஐந்து பேர் முடியாது என்றார்கள். கடைசியில் ஹென்னா, செருப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் புள்ளைங்க?"

"கஷ்டம்தான். முடியாதுன்னா சொல்லு, அதையும் எழுதிக்கிறேன்."

ஹென்னா பேசவில்லை. காலையில் என்றால் சிர்பா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நடையைக் கட்டியிருப்பாள். கால் கடுக்க நின்றாள்.

"வெள்ளிக்கிழமை வர்றேன். சனிக்கிழமையும் கேட்டீங்கன்னா அழுதுடுவேன்."

சனிக்கிழமைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதை ஐலாவிடம் சிர்பா மறைக்காமல் சொன்னாள்.

"தீ மூட்டுறது வெள்ளிக்கிழமைதானே. சனி மத்தியானம் வந்துடுறேன்."

ஐலா விண்ணப்பத்தை நாலாக மடித்துப் பையில் போட்டாள். "கிழிக்கல. அடுத்த வருஷம் எப்படிக் கேக்கிறன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் சிர்பா தலையாட்டினாள்.