சுகுமி யாருடையது

கலிபோர்னியாவின் குபெர்டினோவில் கண்மணியின் அபார்ட்மெண்டுக்கு மேல் மாடியில் ஸூராப் என்ற ஜார்ஜியாக்காரன் மனைவியோடு குடியிருந்தான். ஜார்ஜியா என்றதும் அட்லாண்டா இருக்கிற மாநிலம் என்றுதான் கண்மணி நினைத்தாள். சோவியத் யூனியனை விட்டுப் பிரிந்த நாடு அது என்று அவள் கணவன் மணியன் சொன்னான். அவனும் ஸூராபும் ஒரே கம்பெனியில் ப்ரோகிராம் எழுதினார்கள்.

ஸூராபின் மனைவி அசிதா அப்காசிய இனத்தவள். இருவரும் வளர்ந்தது ஜார்ஜியாவுக்குள் அடங்கிய அப்காசியாவின் தலைநகரான, கருங்கடல் ஓரத்துச் சுகுமியில், ஒரே தெருவில். ஆனால் அவன் மொழி அவளுக்கு வராது, அவள் மொழி அவனுக்கு வராது. காதலித்தது, கல்யாணம் செய்தது, சண்டை போட்டது எல்லாம் ருஷ்ய மொழியில்.

யூனியன் உடைந்தபோது இருவரும் சேர்ந்துதான் கொண்டாடினார்களாம். ஜார்ஜியா மாஸ்கோவை விட்டுப் போகலாம் என்றால் அப்காசியா ஏன் ஜார்ஜியாவை விட்டுப் போகக்கூடாது என்று சுகுமியில் பேச்சு கிளம்பியது. மறு வருடம் அது போராகிவிட்டது.

தொண்ணூற்று மூன்று கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்மணி இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். இட்லி ஆறிப்போகும்வரை அவர்கள் வாதாடினார்கள். அப்காசியாவில் உங்கள் ஆட்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லையே என்றான் ஸூராப். சின்ன இனத்துக்கும் நாடு வேண்டும் என்று மாஸ்கோவிடம் கேட்டவர்கள் நீங்கள்தானே, அதைவிடச் சின்ன இனம் கேட்டால் மட்டும் கசக்கிறதா என்றாள் அசிதா.

அவர்கள் போனபின் மணியன் ஸூராப் பக்கம் பேசினான். "இப்படியே ஆளாளுக்குப் பிரிஞ்சுட்டே போனா எங்க போய் நிக்கறது கண்ணு?"

"முதல்ல பிரிஞ்சவங்களுக்கு மட்டும் அது எப்படிங்க நியாயமாச்சு?"

கண்மணியின் அப்பா இளவயதில் கோபிச்செட்டிபாளையத்தில் திராவிட நாடு கேட்டுக் கூட்டம் போட்டவர். பிறகு ஒரு பார்லிமெண்ட் தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டார். எப்போது சொன்னது சரி என்று அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

செப்டம்பர் கடைசியில் சுகுமி அப்காசியர் கையில் விழுந்த செய்தி வந்தது. நகருக்குள் ஸூராபின் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். நகரைப் பிடித்த படையில் அசிதாவின் அண்ணன் இருந்தான். அன்று சாயங்காலம் ஸூராப் கையில் தலையணையோடு கீழே வந்து நின்றான். சோபாவில் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அசிதாவுக்கு அப்போது ஐந்து மாதம்.

கண்மணி ரசம் சாதத்தை மாடிக்குக் கொண்டுபோனாள், திரும்பி வந்து கீழே ஸூராபுக்குப் பரிமாறினாள். இவன் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் இவனைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவனுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது, தயிர் நிறைய ஊற்று என்றாள் அசிதா. கண்மணிக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஜார்ஜியத் தலைநகர் டிபிலிசியில் இருந்த உறவினர்களுக்கு ஸூராப் கண்மணி வீட்டு நம்பரைத்தான் கொடுத்திருந்தான். அவனும் மணியனும் ஆபீஸ் போயிருந்த ஒரு காலையில் போன் அடித்தது. ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். ஸூராப் என்ற பெயர் மட்டும்தான் கண்மணிக்குப் புரிந்தது. "ஒன் மினிட்" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

அசிதா கதவைப் பாதிதான் திறந்தாள். என்னிடம் அவர்கள் பேசமாட்டார்கள் என்றாள்.

"உன் மாமியாரா இருக்கும் அசிதா. அழறாங்க. லைன் கட் ஆயிடும், வா."

அசிதா செருப்பில்லாமல் இறங்கி வந்தாள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். பிறகு "தேதா" என்றாள். ஜார்ஜிய மொழியில் அம்மா என்று அர்த்தமாம். அதற்குப் பிறகு இருவரும் ருஷ்ய மொழியில் பேசினார்கள், அழுதார்கள்.

மாமியார் பனியில் மலை தாண்டி, கூட்டத்தோடு நடந்தே தப்பி வந்திருந்தாள். மாமனார் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று சுகுமியிலேயே இருந்துவிட்டார். குழந்தை அசைகிறதா என்பதுதான் மாமியார் கேட்ட முதல் கேள்வி. இரண்டாவதாக, தயங்கித் தயங்கி, உன் அண்ணன் அவரைப் பார்த்துக்கொள்வானா என்று கேட்டாள். அண்ணனைக் கேட்காமலேயே, பார்த்துக்கொள்வான் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள் அசிதா.

அவளே ஆபீசுக்குப் போன் செய்து ஸூராபை வரச்சொன்னாள். அவன் வந்து வாசலிலேயே நின்றான். அவள் எல்லாவற்றையும் சொன்னதும் கார்ப்பெட்டில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கண்மணி சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு பார்க்கிங் லாட்டில் போய் நின்றாள். தலையணை அன்றே மாடிக்குப் போய்விட்டது.

மாஸ்கோவில் யார் யாரையோ பிடித்துச் சுகுமிக்குச் சேதி அனுப்பினார்கள். டிசம்பரில்தான் பதில் வந்தது. அண்ணன் கிழவரைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போயிருந்தான். சுகுமி யாருடையது என்று இருவரும் தினமும் சண்டை போட்டுக்கொண்டு ஒரே சட்டியிலிருந்து சாப்பிடுகிறார்களாம். அதைச் சொன்னபோது அசிதா சிரித்தாள். அவள் சிரித்து மாதங்களாகியிருந்தன.

அடுத்த வருடம் ஆரம்பத்தில் பெண்குழந்தை பிறந்தது. அது நடக்கப் பழகிய சமயத்தில், ஒரு சனிக்கிழமை அதன் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் எதிர்ப்பட்ட ஸூராபிடம், இப்போதாவது எண்ணம் மாறியதா என்று மணியன் கேட்டான்.

"இல்ல. சுகுமி எங்க நாட்டுலதான் இருக்கு. அவளும் மாறல." ஸூராப் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். "இன்னிக்கு அவ அண்ணன் போன் பண்ணுவான். எங்கப்பாவை என்கிட்ட பேசவைக்கறேன்னு சொல்லியிருக்கான். நான் போகணும்."

அவன் இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறிப் போனான்.