தாலிசாய் கடற்கரையில் ஜெயித்தவன்

அந்த ஆள் மூன்றாவது தடவையாக வாசலில் வந்து நின்றபோது தீவா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் நோட்டு, இன்னொரு கையில் சுடச்சுட அரை டஜன் ரொட்டி. புத்தகம் எழுதுகிறவனுக்கு ரொட்டி என்னத்துக்கு? யாரையோ காக்காய் பிடிக்கத்தான்.

"நோங் அம்போ இருக்காரா, நாங் தீவா?" என்றான்.

வார்த்தைக்கு வார்த்தை நோங், நாங் என்று பெரியவர்களுக்கு மரியாதை. அந்த மரியாதைதான் அவளுக்கு ஆகவில்லை. பாசில் மீன் சந்தையில் நாற்பது வருஷம் வியாபாரம் பண்ணியவள் அவள். ரொம்பக் குழைகிறவன் தராசில் கை வைப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

"இருக்காரு. எங்க ஓடிடப் போறாரு? உள்ள வா, டோங்," என்றாள், தம்பி என்று கூப்பிடுகிற மாதிரி.

ரோமெல் என்று பெயர் சொல்லியிருந்தான். வயது நாற்பது இருக்கும். பத்திரிகை வேலையை விட்டுவிட்டு செபு ஊரின் பிரம்புச் சண்டையான எஸ்க்ரிமாவின் வரலாற்றை எழுதுகிறானாம். எந்தக் கிளப் எப்போது ஆரம்பித்தது, எந்த வாத்தியார் யாரிடம் பிரம்பு பிடித்தார், எல்லாம் வரும் என்றான். அதில் ஒரு அத்தியாயம் முழுக்க 1971-ல் தாலிசாய் கடற்கரையில் அவள் புருஷன் அம்போவும் பெலோயும் மோதிய மோதல்.

எதிரெதிர்க் கிளப்புகளின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் இரண்டு பேரும். சாட்சி வேண்டாம், நடுவர் வேண்டாம் என்று விடிகாலையில் தனியாகப் போனார்கள். பெலோய் புருவம் கிழிந்து திரும்பினான். அம்போ சுண்டுவிரல் ஒடிந்து திரும்பினான். இரண்டு பேரும் நான்தான் ஜெயித்தேன் என்றார்கள். அப்புறம் ஊரில் பத்து வருஷம் அடிதடி.

மோதல் முடிந்த மூன்றாம் மாதம், தாலிசாய் திருவிழாவில், கள்ளுக்கடையில், "அம்போ தோத்தவன்தானே" என்று எவனோ சொன்னான். தீவாவின் தம்பி இஸ்கோ எழுந்து நின்றான். இருபத்திரண்டு வயது. மச்சான்மேல் அப்படி ஒரு பக்தி. எதிராளி கத்தியை உருவினான். ஆஸ்பத்திரி வாசல்வரைகூட இஸ்கோ தாங்கவில்லை.

அதனால் தீவாவுக்கு இது வரலாறும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அம்போ தோற்றான் என்று புத்தகத்தில் அச்சாகிவிட்டால் அவள் தம்பி ஒரு பொய்க்காகச் செத்தவன் ஆகிவிடுவான். அது நடக்கவிடக் கூடாது.

ஆகவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இவன் ஒவ்வொரு தடவையும் சுவரில் முதுகு ஒட்டித்தான் உட்கார்ந்தான். காப்பியை இடது கையால் வாங்கினான், வலது கை முழங்காலைவிட்டு நகரவில்லை. பேனா பிடிக்கிறவனா இப்படி உட்காருவான்?

அம்போவைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அவர் ஆளைச் சரியாகவே சுற்றலில் விட்டுக்கொண்டிருந்தார். கடைசி அடி எங்கே விழுந்தது என்று முதல் நாள் கேட்டான். முழங்கை என்றார். இரண்டாம் நாள் முழங்கால். இன்றைக்குக் கன்னப்பொட்டு.

"அன்னிக்கு முழங்கைன்னீங்களே, நோங்?"

"அதுவுந்தான். அடின்னா ஒரு இடத்துலயா விழும்?"

தீவா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். வெளியாளுக்கு நிஜ அடியை எந்த எஸ்க்ரிமாக்காரன் காட்டுவான்? போட்டோ பிடிக்க வந்தால்கூடக் காலை மாற்றி வைத்து நிற்பார்கள். தன் சீடனுக்கே ஒன்றை மறைத்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்லிக்கொடுப்பார்கள். என் புருஷனா கொக்கா என்று நினைத்தாள். அவனோ மூன்று அடிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கோடுதான் அவளுக்கு உறுத்தியது.

இதற்குமேல் பொறுக்க முடியாது என்று கூடையிலிருந்து ஒரு பச்சை மாங்காயை எடுத்தாள். சொல்லாமல் கொள்ளாமல் அவன் முகத்தைப் பார்த்து விட்டெறிந்தாள்.

இடது கை பறந்து வந்து மாங்காயைப் பிடித்தது. அதே நொடியில் வலது கை பிரம்பு ஓங்குவதுபோல் காதோரம் ஏறி நின்றது. நோட்டு கீழே விழுந்துகிடந்தது. இடது கையை அப்படிப் பழக்குகிறவர்கள் செபுவிலேயே ஒரு கிளப்காரர்கள்தான்.

"அட திருட்டுப் பயலே! பெலோய் கூட்டமா நீ? யாருடா உன்னை அனுப்பிச்சது?"

அவன் மாங்காயை மேசைமேல் மெதுவாக வைத்தான். "யாரும் அனுப்பல, நாங். பெலோய் என் அப்பா. உங்ககிட்ட அம்மா வீட்டுப் பேரைச் சொன்னேன். அப்பா பேரைச் சொன்னா உள்ள விட்டிருப்பீங்களா?"

"விட்டிருப்பேனா? கொதிக்கிற எண்ணெயை ஊத்தியிருப்பேன்! எந்திரி. வெளிய நட." மீன் கத்தியால் வாசலைக் காட்டினாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "நீ என்ன மரப்பொம்மையாட்டம் உக்காந்திருக்க?"

"எனக்கு முதல் நாளே தெரியும், தீவா," என்றார் அம்போ. "அவன் அப்பன் மூஞ்சிதானே இது."

அவளுக்குச் சுருக்கென்றது. தெரிந்தா மூன்று நாள் காப்பி கொடுக்க வைத்தார்?

ரோமெல் எழுந்து நின்றபடியே சொன்னான். "அப்பா போன டிசம்பர்ல போயிட்டார். அதுக்கு முந்தின வாரம் ஒண்ணு சொன்னார். அது நெசமான்னு நோங் வாயால கேக்காம ஒரு வரி எழுதறதில்லைன்னு வந்தேன்."

"என்ன சொன்னான்? ஜெயிச்சேன்னானா?"

"இல்ல, நாங்."

தீவாவின் நெஞ்சு துள்ளியது. "தோத்தேன்னு ஒத்துக்கிட்டானா?"

"சண்டையே நடக்கலைன்னார்."

அவள் கெக்கெக்கே என்று சிரித்தாள். சாகப்போகிற நேரத்தில் எப்படிக் கயிறு திரித்திருக்கிறான் பாருங்கள்! கூடச் சிரிக்கட்டும் என்று அம்போவைத் திரும்பிப் பார்த்தாள். அம்போ சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லேன். பொய்னு சொல்லேன், அம்போ."

"எதிரெதிரே நின்னோம்," என்றார் அவர். "எனக்குக் கால் நடுங்குச்சு. அவனைப் பாத்தா அவனுக்கும் நடுங்குது. பொண்டாட்டி மாசமா இருக்கான்னான். இதோ, இவன் வயித்துல. எனக்குப் பதினாறு நாள்ல கல்யாணம்னேன். அவன் ஒரு பாட்டில் கள்ளு கொண்டாந்திருந்தான். உக்காந்து குடிச்சோம். சும்மா திரும்பினா எவன் நம்புவான்? நான் அவன் புருவத்தைக் கிழிச்சேன். அவன் என் விரலைக் கல்லுமேல வெச்சு ஒடிச்சான். அவங்கவங்க கிளப்புல அவங்கவங்க ஜெயிச்சதாச் சொல்லிக்கலாம்னு கை குடுத்துக்கிட்டோம்."

முழங்கை, முழங்கால், கன்னப்பொட்டு. நிஜ அடியை மறைக்கிறார் என்று பெருமைப்பட்டுக்கொண்டாளே, மறைக்க அங்கே ஓர் அடியும் இல்லை. நாற்பது வருஷமாக இந்த வாசலில் நின்றவன் வந்தவனையெல்லாம் சந்தேகப்பட்டவள் அவள். ஒரே பாயில் படுத்தவனை ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"இஸ்கோவை நடுவீட்டுல கிடத்தியிருந்தப்போ," என்றாள், "ஒன்பது நாள் ஜெபத்துக்கும் நீதானே முன்னாடி உக்காந்த. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது, தீவா? சொன்னா அவன் சும்மா செத்தான்னு ஆயிடுமே."

"இப்ப எதுக்குச் செத்தான்?"

அம்போ அன்று ஒடிந்த சுண்டுவிரலைத் தடவினார்.

"உன்னைக் கட்டிக்கணும்னுதான் உயிரோட திரும்பினேன்," என்றார்.

"திரும்பினது தப்பில்லடா. பயந்தேன்னு ஊர்ல சொல்லிட்டுத் திரும்பியிருந்தாலும் நான் கட்டியிருப்பேன். கள்ளுக்கடையில அந்தப் பையன் உனக்காக எந்திரிச்சு நின்னானே, அவன்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

ரோமெல் குனிந்து நோட்டை எடுத்து மூடினான். "நாங், நான் இதை எழுதல. அப்பாமேல சத்தியமா எழுதல. எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். நான் வர்றேன்."

"எங்க போற? உக்காரு."

அவன் உட்கார்ந்தான். தீவா கையிலிருந்த செதிலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எதிரே நாற்காலியைப் போட்டாள். குரல் சந்தையில் விலை சொல்கிற குரலாகவே இருந்தது.

"நோட்டைத் திற. எழுதிக்க. என் தம்பி இஸ்கோ, முழுப் பேரு பிரான்சிஸ்கோ அபெல்லார், வயசு இருபத்திரெண்டு. தாலிசாய் திருவிழாவுல குத்துப்பட்டுச் செத்தான். கத்தி எடுத்தவன் ஜெயிலுக்குப் போனான், அவன் பேரு கேஸ் கட்டுலயே இருக்கு. அவனைக் கொன்னவங்க இன்னும் ரெண்டு பேரு. முதல்ல உங்கப்பா பேரை எழுது."

ரோமெல் எழுதினான்.

"எழுதிட்டியா? அடுத்தது அம்ப்ரோசியோ லாப்பினித். உசிரோடதான் இருக்கார். பாசில்ல, என் வீட்டுல."

அம்போ தடுக்கவில்லை.