இரவல் டப்

மத்தியானத்துக்குள் பதில் சொல்லவேண்டும். வாங்குவதா, திருப்பிக் கொடுப்பதா?

கட்டார் போகப்போகிற வினோஜன் தன் தொடுதிரை டப்லெட்டை விற்கிறான். இரண்டு நாள் வைத்துப் பார் என்று றெஜியிடம் கொடுத்திருந்தான். றெஜி வீட்டுப் பிளான் கீறுகிறவன். வந்த நாளிலிருந்து டப்பில் ஒரு கோடுகூடக் கீறவில்லை. படம் மட்டும் மூன்று பார்த்து முடித்திருந்தான்.

"வேலைக்கு எண்டுதானே கொண்டுவந்தீங்க?" மனைவி டினுஷா தேத்தண்ணியை வைத்தாள். "வேலை நல்லாத்தான் நடக்குது. கதாநாயகன் இன்னும் சாகல்லையா?"

"இண்டைக்குத் தோமஸ் அங்கிளிட்டக் கொண்டுபோறன். அங்க சரிவந்தா வாங்குவம்."

தன்னாமுனைத் தோமஸ்தான் சிக்கல். மகள் மேர்லினுக்குச் சீதனமாக வீடு கட்டுகிறார். கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை அங்கே வந்துவிடுவார். தோமசும் மனைவி மேர்சியும் கூடவே இருப்பார்கள். றெஜி கடதாசியில் கீறிக் கொண்டுபோன ஒவ்வொரு பிளானையும், "வடிவாத்தான் இரிக்கு, பாப்பம்" என்று சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏன் என்று சொல்லமாட்டார். இன்றும் "பாப்பம்" என்றால் வேலை செங்கலடி ஊரிலுள்ள வேறொரு பிளான்காரனுக்குப் போய்விடும். அவன் நேற்றே வந்து காணியை அளந்துவிட்டுப் போயிருந்தான்.

வாவிக்கரைக் காணியில் நின்றபடியே தோமஸ் கையை நீட்டினார். காலையில் அவசரமாகப் பிளானை டப்பில் கீறியிருந்த றெஜி அதைக் கொடுத்தான். கண்ணைக் கூசும் வெயில். தோமசுக்குத் திரையில் தெரிந்தது தோமஸ் மட்டுமே.

"என்ன மனே, என்ட மூஞ்சியையா கீறியிரிக்காய்?"

றெஜி டப்பைத் திருப்பி வாங்கினான். "உள்ளுக்குப் போவம் அங்கிள். நிழலுக்குள்ள தெரியும்."

காணியின் ஓரத்திலிருந்த தோமசின் பழைய வீட்டில் இருட்டான இடம் குசினிதான். மேர்சி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மேர்லின் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இதுவரை எந்தப் பிளானும் இங்கே வந்ததில்லை. காணியில் விரித்து, காணியிலேயே சுருட்டிவிடுவார்கள்.

மேர்லின் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "இதில அழிக்கலாமா அண்ணன்?"

"அழிக்கலாம். கீறவும் ஏலும்."

டப்பின் பேனையை வாங்கினாள். ஒரு சுவரை அழித்தாள். பின்பக்கம் ஒரு பெட்டி கீறினாள்.

"என்ன புள்ள இது?" என்றார் தோமஸ்.

"இன்னொரு குசினி அப்பா. அம்மாக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு."

மீன் வெட்டும் சத்தம் நின்றது. மேர்சி தலை நிமிராமல் கணவனிடம் சொன்னாள். "இதைத்தானே நான் ஒவ்வொரு ராவும் சொன்னன். ஒரு குசினிக்குள்ள ரெண்டு பேர் நிண்டா, மருமகன் முன்னால சட்டி பறக்கும்."

"மகளுக்குச் சொல்லப்படாது எண்டும் நீதானே சொன்னாய்?"

"அவள் கோவிப்பாள் எண்டு நினைச்சன்."

"நீங்க கோவிப்பீங்க எண்டுதான் நானும் பேசாம இருந்தன்" என்றாள் மேர்லின்.

"ஆக, நடுவில பேச்சு வாங்கினது நான் ஒருத்தன்" என்ற தோமஸ் றெஜியின் பக்கம் திரும்பினார். "இதையே கட்டுவம் மனே. செங்கலடிக்காரனுக்கு வேணாம் எண்டு நான் சொல்லிவிடுறன்."

றெஜி வெளியே வந்து வினோஜனுக்கு அழைத்தான்.

"வேலைக்குச் சரிவருதா?" என்றான் வினோஜன்.

"நான் கீறவே தேவையில்லை. அவங்களே கீறுறாங்க."

"மறுகா உனக்கு என்ன வேலை?"

றெஜி வேலி நிழலில் நின்று திரையைப் பார்த்தான். பின்பக்கம் மேர்லின் கீறிய புதுக் குசினி. நாலு பக்கமும் சுவர். உள்ளே போக வழியில்லை.

"வாசல் வைக்கிறது" என்றான் றெஜி. "டப்பை நானே எடுக்கிறன்."