பார்வைக்கு வைக்கப்படும்

யதுசா மண்டப வாசலில் நின்று வண்டிகளின் இலக்கத்தகடுகளை வாசித்துக்கொண்டிருந்தாள். எசன் வண்டிகள், டோர்ட்முண்ட் வண்டிகள், கெல்னிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த ஒரு சின்ன பஸ். வுப்பர்டால் வண்டி என்றால் தகட்டில் ஜெர்மன் 'வே' எழுத்து முதலில் நிற்கும். அந்த எழுத்தைத்தான் காணவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் குடையை உதறி மடக்கிவிட்டு, அவள் கையைப் பிடித்து, "மனதைத் தேற்று பிள்ளை" என்று சொல்லி உள்ளே போனார்கள். எல்லாருடைய வாயோரத்திலும் ஏதோ ஒன்று அடக்கி வைக்கப்பட்டிருந்தது. அழுகையா சிரிப்பா என்று அவள் உற்றுப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.

உள்ளே அவளுடைய அப்பா ஞானசுந்தரம் பட்டு வேட்டியோடு பெட்டிக்குள் படுத்திருந்தார். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும்தான் மண்டபம் அவருக்கு. அதன் பிறகு ஒரு ஜெர்மன் குடும்பம் காத்திருந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட மண்டபப் பொறுப்பாளர் அம்மையார் அதை இரண்டு தரம் நினைவூட்டிவிட்டார். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் யதுசாவே தர்ப்பை அணிந்து கிரியைகளைச் செய்து முடித்திருந்தாள். உள்ளே நெருப்புக் கூடாது என்றதால் பந்தம் பிடிக்கப் பற்றரி மெழுகுதிரிகள். ஐயரும் முகம் சுளிக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்து அவரும் எத்தனையோ பார்த்துவிட்டார்.

அம்மா மங்கையற்கரசி வாசலுக்கு வந்தாள்.

"வந்திட்டாரோ?"

"இல்லையம்மா."

"இன்னும் ஒருக்கா போன் எடுத்துப் பார்."

"ஆறு தரம் எடுத்திட்டன். எடுக்கிறாரில்லை."

அம்மா அவளைத் திட்டவில்லை. ஐந்து நாளாகத் திட்டவில்லை. திட்டியிருந்தால் யதுசாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"அப்பாவோடை கூடப்பிறந்ததெண்டு மிச்சம் இருக்கிறது அந்த ஒரு மனுசன். அவரும் வராட்டில் பேந்தென்ன..." என்று தொடங்கியவள் முடிக்காமல் உள்ளே போனாள்.

ஞானசுந்தரம் எண்பத்தைந்தாம் ஆண்டில் ஜெர்மனிக்கு அகதியாக வந்தவர். முப்பத்தொரு வருடம் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அது வயிற்றுக்கு. மற்றதெல்லாம் மேடைக்கு. அவர் எழுதியதும் நடித்ததும் பகிடி நாடகங்கள்தான். ஆனால் பகிடி முழுக்கச் சாவைச் சுற்றியே நடக்கும். பிணத்தை மாறி எடுத்துவந்து மூன்று நாள் அழுத குடும்பம். செத்தவனின் அகதி விண்ணப்பத்துக்கு அடுத்த கிழமை சம்மதக் கடிதம் வந்த கதை. மூச்சு நிற்கிறதா என்று கட்டிலைச் சுற்றி முறை வைத்துப் பார்க்கும் மருமக்கள். பொங்கல் விழாவில் இதைப் போட ஒரு சங்கமும் முதலில் ஒத்துக்கொள்ளாது. நல்லநாள் பெருநாளில் என்ன அபசகுனம் என்பார்கள். பிறகு அவர்களே முன்வரிசையில் இருந்து கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். எசனிலிருந்து பேர்லின் வரைக்கும் அவருக்குச் 'செத்தவீட்டு ஞானம்' என்று பெயர். கலியாணங்களுக்கு அழைத்தால் கடைசி வரிசையில்தான் இருத்துவார்கள். அதையும் அவர் அடுத்த நாடகத்தில் போட்டுவிட்டார்.

எல்லாவற்றிலும் பேர்போனது பன்னிரண்டு வருடத்துக்கு முன் போட்ட 'அறிவித்தல்'. அதில் அவர் நாற்பது நிமிடம் பிணமாகக் கிடப்பார். மரண அறிவித்தலில் யாருடைய பெயர் முன்னுக்கு வருவது, யாருக்கு 'பாசமிகு', யாருக்கு வெறும் 'அன்பு' என்று சொந்தக்காரர் பெட்டியைச் சுற்றி நின்று அடிபடுவார்கள். மேடையில் எல்லாருக்கும் அவருடைய வீட்டு ஆட்களின் பெயர்தான். பிணத்துக்குப் பெயர் ஞானசுந்தரம். வுப்பர்டாலில் இருக்கும் தம்பிக்குப் பெயர் யோகலிங்கம். அவருடைய சொந்தத் தம்பி யோகலிங்கம் அன்றைக்கு மூன்றாம் வரிசையில் இருந்தார். நாடகம் முடிய எழும்பிப் போனவர், பிறகு அண்ணன் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. தம்பியை மேடையில் ஏற்றி நக்கலடித்தால் எந்தத் தம்பிக்குத்தான் பொறுக்கும் என்றது ஊர். ஞானசுந்தரமும் மறுத்துப் பேசவில்லை, போய்ச் சமாதானம் பேசவும் இல்லை.

போன மாதம் நுரையீரலில் நோய் முற்றி வைத்தியசாலையில் மூன்று கிழமை கிடந்தார். கட்டிலைக் கதவுப் பக்கம் திருப்பிவிடச் சொன்னார். அம்மா வுப்பர்டாலுக்குத் தகவல் சொன்னாள். யோகலிங்கம் வரவில்லை. "வருவான். எப்ப உள்ளை வரவேணும் எண்டு அவனுக்குத் தெரியும்" என்று அப்பா ஒரு நாள் சொன்னார். மருந்தின் மயக்கம் என்று யதுசா நினைத்தாள். ஒரு திங்கட்கிழமை காலை, கதவைப் பார்த்தபடியே போய்விட்டார்.

இனி யதுசாவின் பிழைக்கு வருவோம். அவளுக்கு மருத்துவக் காப்புறுதி அலுவலகத்தில் வேலை. வீட்டில் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம், டெர்மின் என்கிற சந்திப்பு நேரம் எல்லாம் பதினான்கு வயதிலிருந்தே அவள் பொறுப்பு. படிவம் என்று ஒன்று வந்தால் நிரப்பி அனுப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். மூன்றாம் நாள் மண்டபத்துக்குத் திகதி கிடைத்ததும், மரண அறிவித்தல் எப்படி எழுதுவது என்று தெரியாமல் அப்பாவின் மடிக்கணினியைத் திறந்தாள். 'மரண அறிவித்தல் - கடைசி' என்று ஒரு கோப்பு இருந்தது. அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், தன் பெயர், சித்தப்பாவின் பெயர் எல்லாம் அதில் சரியாக இருந்தன. எங்களுக்குச் சிரமம் தரக்கூடாது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டல்லவா போயிருக்கிறார் என்று விக்கி விக்கி அழுதாள். திகதியையும் மண்டபத்தையும் நேரத்தையும் நிரப்பி, அப்பாவின் படத்தையும் சேர்த்து, அறிவித்தல் போடும் இணையத்தளத்துக்கு அனுப்பிவிட்டாள்.

வாசிக்காமல் அனுப்பவில்லை; அழுத கண்ணோடு பெயர்களைச் சரிபார்த்தாள். பத்து வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவள். ஆனால் 'பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்', 'அன்னார்', 'காலஞ்சென்ற' என்று போகும் அந்தத் தமிழ் அவளுக்கு எப்போதும் ஒரே இரைச்சல்தான். நக்கலுக்கும் மரியாதைக்கும் ஒரே உடுப்பைப் போட்டுவிட்டால் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

மறுநாள் காலை சங்கத் தலைவர் மகேந்திரராஜா தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, கொப்பர் செத்தும் பகிடியை விடேல்லை என்ன?" என்று சிரித்தார். பிறகு அழுதார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிவித்தலைச் சத்தமாக வாசித்தாள்.

"அன்னார், மங்கையற்கரசியின் அனுமதி பெற்ற கணவரும், யதுசா எப்போது வீட்டுக்கு வருவாள் என்று அறியாத தந்தையும், தொலைபேசியில் மட்டும் பாசமிகு வுப்பர்டால் யோகலிங்கத்தின் அருமைத் தமையனும் ஆவார்..."

அம்மா அதற்கு மேல் வாசிக்கவில்லை. நாடகத்தின் கோப்பு அது. மத்தியானத்துக்குள் இணையத்தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குள் கனடாவிலிருந்து அவுஸ்திரேலியா வரைக்கும் எல்லாத் தொலைபேசியிலும் ஏறிவிட்டது. "தம்பி இதைப் பாத்திருப்பார்" என்று மட்டும் அம்மா சொன்னாள். யதுசா அன்றே சித்தப்பாவுக்குக் குரல்பதிவு அனுப்பி மன்னிப்புக் கேட்டாள். பதில் வரவில்லை. சித்தப்பா அப்பாவிடம் வரக்கூடிய கடைசி வழியை நானே அடைத்துவிட்டேன் என்ற நினைப்பு அவளை ஐந்து நாளாக அரித்துக்கொண்டிருந்தது.

மணி பதினொன்று இருபத்தைந்து. வண்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு ஆள் நடந்து வந்தது தெரியவில்லை. குடை இல்லாமல் தலை நனைந்த ஒருவர் படிக்குக் கீழே நின்றார். முழு நரை. அப்பாவின் மூக்கு.

"சித்தப்பா."

"பிந்திப் போனன் பிள்ளை. ரெயில் வழியிலை நிண்டிட்டுது." ஒரு படி ஏறினார். "பொய். பத்து மணிக்கே வந்திட்டன். அங்காலை ட்ராம் தரிப்பிலை இருந்தனான்."

"சித்தப்பா, அந்த அறிவித்தல் என்ரை பிழை. அப்பா அப்பிடிப் போடச் சொல்லேல்லை. நான்தான் விளங்காமல்..."

"கடைசி வரியை வாசிச்சனியோ?"

அவளுக்கு அது மனப்பாடமாகிவிட்டிருந்தது. 'உயிரோடு இருக்கையில் வந்து பார்க்க நேரம் கிடைக்காதவர்களின் வசதிக்காக, அன்னாரின் பூதவுடல் பார்வைக்கு வைக்கப்படும்.' அதற்குக் கீழே பத்து முதல் பன்னிரண்டு வரை என்று நேரத்தை நிரப்பியதும் அவளேதான்.

"ஓம்" என்றாள்.

"அது என்ரை வரி."

அவளுக்கு விளங்கவில்லை.

"தொலைபேசியிலை மட்டும் பாசமிகு எண்டதும் என்ரைதான். என்னை நானே நக்கலடிச்சன். கொப்பர் விழுந்து விழுந்து சிரிச்சவர். அவரின்ரை நாடகங்களிலை பாதி நான் எழுதினது. ஞாயிற்றுக்கிழமையிலை உங்கடை குசினிக்குள்ளை இருந்து நான் ஒண்டு சொல்லுவன், அவர் அதுக்கு ஒண்டு சொல்லுவார். நாங்கள் சும்மா அலட்டுறம் எண்டு கொம்மா தேத்தண்ணி ஊத்தித் தருவா. எனக்கு மேடையெண்டால் கை கால் நடுங்கும். அதாலை ஏறுறது அவர்."

"அப்ப ஏன் கோவிச்சனீங்கள்?"

"அண்டைக்கு வாசலிலை ஒரு தாள் குடுத்தவை. எழுத்து, நடிப்பு, நெறியாள்கை எல்லாம் ஞானசுந்தரம். ஆரின்ரை பேர் முன்னுக்கு எண்டு அடிபடுற நாடகம். அதிலை என்ரை பேர் பின்னுக்கும் இல்லை." நனைந்த தலையைக் கையால் துடைத்தார். "ஊர் நக்கலுக்குக் கோவிச்சிட்டான் எண்டிச்சுது. எனக்கு வசதியாப் போச்சு. பேருக்குக் கோவிச்சனான் எண்டு சொல்ல வெக்கம். ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். அவரும் எடுத்துச் சொல்லியிருக்கலாம்."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் வரேல்லை? கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பாத்துக்கொண்டு கிடந்தவர், சித்தப்பா."

அவர் நனைந்த சட்டைக் கையைப் பிழிந்தார். யதுசாவுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு தாளில் ஒரு பெயர் இல்லை என்பதற்காகவா ஒரு மனிதரை மூன்று கிழமை கதவைப் பார்க்க வைத்தீர்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தப்போனவளுக்கு, அந்தக் கோப்பைத் திறந்ததும் தான் முதலில் தேடியது தன் பெயரைத்தான் என்பது நினைவுக்கு வந்தது.

"உள்ளை வாங்கோ. நேரமில்லை" என்றாள்.

யோகலிங்கம் நுழைந்ததும் மண்டபத்தின் பேச்சு நின்றது. கதிரைகளுக்கு நடுவே அவர் நடந்துபோன வழியில் தரை ஈரமானது. மங்கையற்கரசி எழுந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, அண்ணை கிடக்கிறார். பாருங்கோ."

"ஓம் மச்சாள்."

தட்டில் மிச்சமிருந்த வாய்க்கரிசியை அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் குனிந்து போட்டார். பாதி அரிசி வாயில் விழாமல் பட்டுச் சால்வையில் சிந்தியது. அதைத் தட்டிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கறுப்புக் கோட்டு அம்மையார் வாசலிலிருந்து பத்து விரலையும் காட்டினார். மகேந்திரராஜா ஒலிவாங்கியைக் கொண்டுவந்து யோகலிங்கத்திடம் நீட்டினார்.

"தம்பியார், இரண்டு வசனம் கதையுங்கோ."

"எனக்கு ஏலாது."

"கதையுங்கோ தம்பி" என்றாள் மங்கையற்கரசி.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். மண்டபம் நிறைந்த சனத்துக்கு முகத்தைக் காட்டாமல் பெட்டியின் பக்கமே திரும்பி நின்றார். பக்கத்தில் நின்ற யதுசாவுக்கு அவருடைய மூச்சு ஒலிபெருக்கியில் கேட்டது.

"அண்ணை, நான் வந்திட்டன்."

பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்படி ஒரு வரியைக் கீழே விழவிடுகிற ஆள் இல்லை ஞானசுந்தரம். நாற்பது வருடம் அவருக்கு முன்னால் இருந்து சிரித்தவர்கள் அவர்கள். யதுசா சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் பெட்டியிலிருந்து பதில் வரும் என்பதுபோல் அசையாமல் காத்திருந்தார்கள். அம்மாவும் தலையைச் சற்றுச் சரித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள்.

யோகலிங்கமும் காத்திருந்தார். பிறகு, இனி அண்ணனின் முறை என்பதைப்போல, ஒலிவாங்கியை மெல்ல நீட்டி அண்ணனின் வாய்க்கு நேரே பிடித்தார். மண்டபத்தின் சூடாக்கி இரைவது ஒலிபெருக்கியில் கேட்டது. அவர் கையை எடுக்கவில்லை.