ஐம்பது மீட்டர்

ஹாலில், பெட்டியில் கிடந்த அம்மாவின் தலையில் சீயக்காயைத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, ராஜம்மா பின்னாலிருந்து தேன்மொழியின் தோளைப் பிடித்தாள்.

"கொஞ்சம் குசினிக்கு வா."

"இப்பவா அக்கா?"

"இப்பதான்."

கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டுத் தேன்மொழி எழுந்தாள். கூலாயின் அந்தப் பழைய தாமான் குடியிருப்பில் எல்லா வீடுகளும் ஒரே அச்சு. முன்கேட், ஹால், குறுகலான நடை, கடைசியில் சமையலறை. கேட்டில் நிற்பவரின் குரல் அடுப்படி வரை கேட்கும்.

ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே சாந்தினி நின்றிருந்தாள். அவள் மகள் லோஷினி இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. விடிவதற்கு முன் ராஜம்மாவின் வேனில் பின்சந்து வழியாக வந்தவர்கள். கூட்டம் குறைந்ததும் அம்மாவைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்புவதாக ஏற்பாடு.

"அவ புருஷன் வந்துட்டான்," என்றாள் ராஜம்மா. "டெண்ட்டு கீழ உட்கார்ந்து வந்தவங்களுக்கெல்லாம் தண்ணி போத்தல் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கான்."

மூன்று மாதங்களுக்கு முன்பு லாபிஸிலிருந்து ஒரு பள்ளிப்பையோடும் இந்தப் பிள்ளையோடும் சாந்தினி வந்து சேர்ந்தாள். இடது தோள் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கும் போலீஸுக்கும் பிறகு கோர்ட்டுக்கும் கூடப் போனவள் தேன்மொழியின் அம்மா, கிருஷ்ணம்மா. கணவன் யுகேந்திரன் சாந்தினியை ஐம்பது மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று கோர்ட்டு கொடுத்த தாளின் நகல் ராஜம்மாவின் கைப்பையில் எப்போதும் இருந்தது. டயர் கடைக்கு மேலே, ஓர் அறையில் இயங்கிய அந்தப் பெண்கள் உதவி மையத்துக்கு அம்மாவும் ராஜம்மாவும்தான் இரண்டு கால்கள். நேற்று மாலை அம்மாவின் இதயம் நின்றுவிட்டது.

"வேன பின்சந்துல கொண்டாந்து வைக்கிறேன்," என்றாள் ராஜம்மா. "அஞ்சு நிமிஷத்துல கெளம்பிடலாம்."

தேன்மொழி உடனே தலையாட்டினாள். அவளுக்குள் முதலில் வந்தது பயம் அல்ல, எரிச்சல். பள்ளி விளையாட்டுப் போட்டியின்போது அம்மா யாரோ ஒருத்தியோடு போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். தேன்மொழியின் நிச்சயதார்த்தத்தன்று பாதியில் எழுந்து மூவாருக்குப் போனாள். இந்த ஒரு நாளாவது அம்மா தனக்கு மட்டும் செத்துப்போனவளாக இருக்கக் கூடாதா என்று தோன்றியது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது.

"நா போகல," என்றாள் சாந்தினி.

"வெளையாடாத, சாந்தினி."

"நா இன்னும் அம்மாவுக்கு வாய்க்கரிசி போடல அக்கா."

"அவன் வெளிய உட்கார்ந்திருக்கான்."

"தெரியும். என் எலும்ப ஒடச்சவன் அவன், எனக்குத் தெரியாதா?" லோஷினியைத் தன்னோடு இழுத்துக்கொண்டாள். "கோயிலுக்கு அவன் வந்தான், நான் பின்வாசல்ல போனேன். பிள்ளையோட ஸ்கூலுக்கு வந்தான், பின்வாசல்ல போனேன். அடிச்சவன் டெண்ட்டுல காத்து வாங்குறான். சாவு வீட்டுலயும் நானேதான் பின்வாசல்ல போகணுமா?"

ராஜம்மா தேன்மொழியைப் பார்த்தாள். தேன்மொழி தரையைப் பார்த்தாள்.

நடையில் செருப்பு தேயும் சத்தம் கேட்டது. அம்மாவின் அண்ணன் மூர்த்தி மாமா. எழுபது வயதைத் தாண்டிய மனிதர். காலையிலேயே லாபிஸிலிருந்து வந்து, சடங்குகளையெல்லாம் அவர்தான் முன்நின்று நடத்திக்கொண்டிருந்தார். சாந்தினியைக் கண்டதும் தொண்டையைச் செருமினார்.

"நீதானாம்மா அது. வெளிய அந்தத் தம்பி என்கிட்ட எல்லாத்தையும் சொன்னாரு. அழுவுறாரு. தப்புதான், மன்னிப்பு கேக்கணும்னு வந்திருக்காரு. ரெண்டு நிமிஷம் போயி பேசிட்டு வந்துடேன். சாவு வீட்டுல சண்ட சத்தம் வேணாம்."

தேன்மொழி நிமிர்ந்தாள்.

அவளுக்கு ஐந்து வயதானபோது ஓர் இரவு. அப்பா அடித்து அம்மாவின் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த மாமாவின் வீட்டுக்கு இருவரும் இருட்டில் நடந்தே போனார்கள். மாமா அத்தையை எழுப்பி இருவருக்கும் தோசை சுடச் சொன்னார். காலையில் மோட்டார் சைக்கிளில் முன்னால் தேன்மொழியையும் பின்னால் அம்மாவையும் ஏற்றி, அப்பாவிடமே கொண்டுபோய் விட்டார். அவரும் அப்பாவும் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். பெட்ரோல் டேங்கின் சூடு இன்னும் அவள் தொடையில் இருக்கிறது. அடுத்த தடவை அம்மா அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. லாபிஸ் ரயில் நிலையத்துக்குப் போனாள். கூலாயில் இறங்கினாள். அங்கே யாரையும் தெரியாது.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க மாமா," என்றாள் தேன்மொழி.

"என்னைக்கு?"

மாமாவின் முகத்தில் ஏதோ தளர்ந்தது. எந்த நாள் என்பது அவருக்குத் தெரியும்.

"ராஜம்மாக்கா, போலீஸுக்குப் போன் பண்ணுங்க," என்றாள் தேன்மொழி. "சாந்தினி, வேன் வேணாம். உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வா. நான் கேட்டுல நிக்கிறேன்."

ஹாலைக் கடந்தபோது அம்மாவின் முகம் கண்ணில் பட்டது. நிற்காமல் வெளியே வந்தாள். சீயக்காய் கையில் காய்ந்து இறுகியிருந்தது.

யுகேந்திரன் எழுந்து நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மழித்த முகம். அவனுக்குப் பக்கத்தில் இரண்டு நண்பர்கள். யாராவது புதிதாகப் பார்த்தால் இவனா அடித்தான் என்று கேட்கக்கூடிய முகம்.

"ரொம்ப வருத்தமா இருக்கு சிஸ்டர். நல்ல மனுஷி. எனக்கும் அவங்களுக்கும் கொஞ்சம் பிரச்சன, அது வேற லா. முகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்."

"பாக்க வேணாம்."

"என்ன?"

"எங்கம்மாவ நீங்க பாக்க வேணாம். இது என் வீடு. கெளம்புங்க."

அவன் சிரித்தபடி பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தான். அந்தச் சிரிப்பில் பொறுமை இருந்தது, பலமுறை பழகியது போல. "சாவுக்கு வந்தவன தொரத்துறாங்க, பாருங்க. என் பொண்டாட்டிய உள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு."

"ஒளிச்சு வைக்கல. உள்ளதான் இருக்கா. நீங்க நிக்கிற எடத்துலேருந்து இருபது அடி வச்சா குசினி. கோர்ட்டு தாள்ல ஐம்பது மீட்டர்னு போட்டிருக்கு. இப்ப ஊரு கேக்கச் சொல்லிட்டேன். இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாது."

டெண்ட்டின் கீழே பேச்சு நின்றது.

நாற்காலி ஒன்று சிமெண்டுத் தரையில் உராய்ந்தது. செனாய் தொழிற்சாலைச் சீருடையோடு, வேலை முடிந்து நேராக வந்திருந்த ஒருத்தி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் மூவாரிலிருந்து வந்திருந்த பலகாரக்காரி. பிறகு துடோங் முக்காடு அணிந்த ஒரு மலாய்க்காரப் பெண். தேன்மொழிக்கு அவர்களில் பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது. யாருடைய பெயரையும் அம்மா வீட்டில் சொன்னதில்லை. பதினைந்து, இருபது பேர் இருப்பார்கள். வந்து அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

யுகேந்திரனின் நண்பர்களில் ஒருவன் மெல்ல நகர்ந்து தன் மோட்டார் சைக்கிளைத் தேடிப் போனான்.

"குடும்பத்தப் பிரிக்கிற கூட்டம்!" யுகேந்திரனின் குரல் உயர்ந்தது. "இந்தக் கெழவிதான் ஆரம்பிச்சா. செத்தும் எங்கள நிம்மதியா விடல!"

அப்போதுதான் ஹாலில் ஓர் அசைவு தெரிந்தது. சாந்தினி நடையிலிருந்து வெளியே வந்தாள். லோஷினியின் கையைப் பிடித்திருந்தாள். கேட்டுக்கு நேராக, எல்லோருக்கும் தெரியும்படி பெட்டியின் அருகே நின்று, தட்டிலிருந்து அரிசியை அள்ளினாள். அரிசி சிந்தியது. சிந்தியதை விட்டுவிட்டு மறுபடியும் அள்ளினாள். அம்மாவின் வாயருகே வைத்தாள். பிறகு மகளின் சின்னக் கையில் நான்கு மணிகளை வைத்து, அந்தக் கையையும் அங்கே கொண்டுபோனாள்.

"சாந்தினி!"

அவன் பாய்ந்து வந்து கேட்டைப் பிடித்தான். தேன்மொழி நகரவில்லை. அவன் மூச்சு முகத்தில் பட்டது. பின்னால் யாரோ அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தரையில் இழுபட்டு வந்தது. மூர்த்தி மாமா அதைத் தள்ளாடிக்கொண்டே கொண்டுவந்து, திறந்திருந்த கேட்டின் நடுவே போட்டார். போட்டு அதில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முட்டியின்மேல் வைத்துக்கொண்டார்.

"ஐயா, நீங்களுமா? இப்பத்தானே என்கிட்ட..."

"உள்ள என் தங்கச்சி இருக்கா," என்றார் மாமா. அவனைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னார். "அவ வீட்டுக்குள்ள நீ வரக் கூடாது."

கிழவரைத் தள்ளிவிட்டு உள்ளே போக அவனால் முடியும். அவன் கை ஒருமுறை எழுந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். கை இறங்கிவிட்டது. அவன் கெட்ட வார்த்தைகள் சொல்லத் தொடங்கினான். ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமாக. மாமா அசையவில்லை. அவர் காது மடல்கள் மட்டும் சிவந்தன.

போலீஸ் காடி வந்தபோது அவன் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தான். இறங்கிய பெண் போலீஸ் முதலில் பெட்டியைப் பார்த்து ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றாள். அம்மாவை நன்றாகத் தெரிந்தவள். பிறகு ராஜம்மாவிடம் கையை நீட்டி, தாள் இருக்கிறதா என்று மலாயில் கேட்டாள்.

"சூராட் அடா?"

ராஜம்மா தாளைக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைப் படித்தாள். யுகேந்திரனைப் பார்த்தாள். அவன் நின்ற இடத்திலிருந்து சாந்தினி நின்ற இடம் வரை கண்ணால் அளந்தாள். ஐந்து நிமிடத்தில் காடி அவனோடு புறப்பட்டது.

"நாளைக்கே ஜாமீன்ல வெளிய வந்துடுவான்," என்றாள் சாந்தினி. யாரையும் குறை சொல்வதுபோல இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"வரட்டும்," என்றாள் ராஜம்மா. "நாளைக்கும் நாம இருப்போம்."

இரண்டு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். தொழிற்சாலைச் சீருடைக்காரி முன்வந்து ஒரு மூலையைப் பிடித்தாள். பலகாரக்காரி இன்னொன்றை. "பொம்பளைங்க மின்சுடலைக்கு..." என்று மூர்த்தி மாமா ஆரம்பித்தார். முடிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரேத வேனின் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

மின்சுடலையில் பொத்தானை அழுத்தியவள் தேன்மொழி. கதவு இறங்கியது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பின்னால் இருபது பெண்கள் நிற்கும் சத்தமின்மை அவள் முதுகில் கதகதப்பாக இருந்தது.

ராஜம்மா மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போக, சாந்தினியையும் பிள்ளையையும் தேன்மொழி தன் காடியில் ஏற்றிக்கொண்டாள். அவர்கள் தங்கியிருக்கும் வீட்டுக்கு அவள் இதுவரை போனதில்லை. அம்மா அவளுக்குக்கூட முகவரியைச் சொன்னதில்லை. இன்றுதான் சாந்தினி வழி சொல்லிக்கொண்டு வந்தாள். இடது, நேராக, இரண்டாவது விளக்கில் வலது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாலையின் இரு பக்கமும் செம்பனை மட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

வெளியே போகும்போதெல்லாம் லோஷினி பின்சீட்டில் தலையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், கண்ணாடியை இறக்கக் கூடாது, யார் கேட்டாலும் பெயரைச் சொல்லக் கூடாது. மூன்று மாதமாக அந்தப் பிள்ளைக்கு இருந்த சட்டங்கள் அவை.

சிவப்பு விளக்கில் காடி நின்றது. பக்கத்து லாரியில் ஒரு சீனக் கிழவர் பிளாஸ்டிக் பையிலிருந்து கோப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பின்னால் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. தேன்மொழி திரும்பிப் பார்த்தாள். லோஷினி சீட்டின் மேல் முட்டி போட்டு நின்று, தலையை வெளியே நீட்டியிருந்தாள்.

"அங்கள்!" என்று கூப்பிட்டாள். கிழவர் குனிந்து பார்த்தார்.

"நாமா சாயா லோஷினி," என்று தன் பெயரை மலாயில் சொன்னாள்.

சாந்தினியின் கை கண்ணாடிப் பொத்தானை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. பிறகு மடிக்குத் திரும்பி வந்தது.

கிழவர் கோப்பிப் பையை உயர்த்திக் காட்டினார். விளக்கு பச்சையாயிற்று.